அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: என் தங்கைக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். ஓராண்டாக ஒரு கிறிஸ்தவ ஊழியர் நடத்தும் ஜெபக்கூட்டத்துக்குப் போய்வருகிறாள். அவளுக்கு வேலை கிடைக்கும் என்று அவர் தீர்க்கதரிசனம் சொன்னார், அப்படியே கிடைத்தது. இப்போது, ஊசியை நம்புவது அவிசுவாசம் என்கிறாராம். சில வேளை ஊசி போடாமலே இருந்துவிடுகிறாள். நான் ஏதாவது கேட்டால், "அபிஷேகம் பெற்றவரைக் குறை சொல்லாதே அக்கா, சாபம் வரும்" என்கிறாள். வீட்டாரோடு அதிகம் பேச வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாராம். இது கள்ளப்போதகமா? நான் கேட்பதே பாவமா?

பதில்: அன்புள்ள சகோதரி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசி. சிறுவயதில் வரும் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் நின்றுபோனால் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று எது தெரிந்தாலும் வாதம் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வேத விளக்கமெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் கேட்டது பாவமல்ல. பெரோயா பட்டணத்தாருக்குப் பிரசங்கித்தவர் பவுல். அவர் சொன்னதையே அவர்கள் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைக் கண்டிக்கவில்லை, நற்குணசாலிகள் என்கிறது (அப்போஸ்தலர் 17:11). பவுலின் பிரசங்கத்தையே சோதிக்கலாம் என்றால், உங்கள் தங்கையின் ஊழியரை ஏன் சோதிக்கக்கூடாது?

"அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே" என்று அவர்கள் சொல்வது சங்கீதம் 105:15. அந்தச் சங்கீதத்தை முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள். நாடு நாடாகப் பரதேசிகளாய்த் திரிந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டதைப் பற்றிய வசனம் அது. போதகரிடம் விளக்கம் கேட்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சவுலைக் "கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்" என்று சொல்லி அவன்மேல் கைபோட மறுத்த தாவீதே, அவன் செய்த அநியாயத்தை அவன் முகத்துக்கு நேராக எடுத்துச் சொன்னான் (1 சாமுவேல் 24). அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லாருக்கும் முன்பாகவே அவரைக் கண்டித்தார். சாபம் ஒன்றும் வரவில்லை.

தீர்க்கதரிசனம் பலித்ததுதான் உங்கள் தங்கையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். உபாகமம் 13-ஐ அவள் வாசித்திருக்கிறாளா? ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அவன் உங்களை வேறு தேவர்கள் பின்னே அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்காதிருங்கள் என்கிறது அது. பலித்ததா என்பதோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றும் பார்க்க வேண்டும். உங்கள் தங்கை இன்று யாருடைய கோபத்துக்குப் பயப்படுகிறாள்? கர்த்தருடையதற்கா, அந்த ஊழியருடையதற்கா?

மருந்து எடுப்பது அவிசுவாசம் என்ற போதனையை எந்தத் தயக்கமும் இல்லாமல் தவறு என்று சொல்வேன். எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் தருவதாகக் கர்த்தர் வாக்குக்கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி அவன் பிளவையின்மேல் போடவைத்தார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் வந்தது. பவுல் அதற்குக் கைமருந்துதான் சொன்னார், விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர். நான் தெய்வீக சுகத்தை மறுக்கிறவன் அல்ல, அதற்காக ஜெபிக்கிறவன். ஆனால் நோயாளியின் கையிலிருந்து மருந்தைப் பிடுங்கிவிட்டு, சுகமாகாவிட்டால் பழியை அவள் விசுவாசத்தின்மேல் போடுவது கொடுமை.

வீட்டாரைவிட்டுப் பிரிப்பதும் எனக்குப் பெரிய கலக்கத்தைத் தருகிறது. சத்தியத்தைப் போதிக்கிறவருக்கு அக்காவின் கேள்வியைக் கண்டு என்ன பயம்? யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்பு இப்படித்தான் முதன்மையாயிருக்க விரும்பி, தனக்கு இணங்காதவர்களைச் சபைக்குப் புறம்பாக்கினான்.

"கள்ளப்போதகர்" என்ற சொல்லை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ஞானஸ்நான முறையிலும் ஆராதனை முறையிலும் உண்மையான விசுவாசிகளே வேறுபடுகிறார்கள். கிறிஸ்து யார், சிலுவையில் என்ன செய்தார், இரட்சிப்பு கிருபையா கிரியையா என்பதில்தான் நாம் அசையக்கூடாது. தங்கையிடம் அந்த ஊழியரைத் திட்டினால் அவள் அவர் பக்கம் இன்னும் ஒட்டிக்கொள்வாள். உங்கள் சபையில் நிதானமான ஒரு மூப்பரையோ போதகரையோ துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய மருத்துவரிடமும் நடப்பதைச் சொல்லி வையுங்கள்.

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபம் நான்கே அதிகாரம். இன்றிரவு இருவருமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். கடைசி அதிகாரம் 20-ஆம் வசனத்தில், தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாய் விட்டுவந்ததாகப் பவுலே எழுதுகிறார். அந்த இடம் வரும்போது நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளே கேட்கட்டும்.