ஓராண்டுக் கிட்டார்ப் பயிற்சி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் திருச்சியில் ஒரு வங்கியில் பணியாற்றுகிறேன். வயது 43. சென்ற ஆண்டு ஸ்டீல் கம்பி பூட்டிய கிட்டார் ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியரிடம் கற்றுவருகிறேன். ஓராண்டு முடிந்த நிலையில் கணக்குப் பார்த்தால் மனம் சோர்கிறது. 15 பாடல்கள் வரை பழகியிருந்தாலும் ஒன்றும் முழுமையாக வருவதில்லை. எஃப் கார்டில் (கார்ட் என்பது பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் கூட்டு) இன்னும் இரண்டு கம்பிகள் மங்கியே ஒலிக்கின்றன; விரல் வலிக்க அழுத்தியும், கட்டைவிரலின் நிலையை மாற்றியும், காணொளிகள் பல பார்த்தும் பயனில்லை. கார்ட் மாறும் இடங்களில் பாட்டு சற்று நின்றுவிடுகிறது. இரவில் நன்றாக வந்தது காலையில் காணாமல் போகிறது. என்னோடு தொடங்கிய பத்து வயதுச் சிறுவர்கள் டிரினிட்டி இசைத் தேர்வில் தேறிவிட்டார்கள். ஒரே மாற்றம், பழைய திரைப்பாடல்களைக் கேட்கையில் கார்ட் எங்கே மாறுகிறது என்பது இப்போது காதில் படுகிறது. விலை உயர்ந்த கிட்டார் வாங்கினால் பயன் உண்டா? அல்லது இந்த வயதில் இது வேண்டாத வேலையா?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

எஃப் கார்டுக்காக நீங்கள் பட்ட பாட்டை விரிவாக எழுதியிருக்கிறீர்கள். கார்ட் மாறும் இடத்தில் பாட்டு நின்றுவிடுவதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நானாக இருந்தால் முன்னதை ஒரு வரியில் முடித்து, பின்னதற்குத்தான் கடிதத்தின் பெரும்பகுதியைக் கொடுத்திருப்பேன்.

எஃப் சிக்கலில் பாதி உங்கள் விரலுடையதாக இல்லாமலும் இருக்கலாம். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் அதே வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டுக்கு (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) நகர்த்தினால் அது ஏ மேஜர் கார்ட் ஆகும். அங்கே எல்லாக் கம்பிகளும் தெளிவாக ஒலித்து, முதல் ஃபிரெட்டில் மட்டும் மங்குமானால், கழுத்தின் முனையிலுள்ள நட்டில் கம்பிகள் அமரும் பள்ளங்கள் போதிய ஆழமின்றி இருக்கின்றன என்று ஐயப்படலாம். முதல் ஃபிரெட் நட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே கம்பியை அழுத்தக் கூடுதல் விசை தேவைப்படுவது இயல்பு. நட்டும் உயரமாக இருந்துவிட்டால் பழகிய விரல்களே திணறும். விலை குறைந்த கிட்டார்களில் இது பரவலாகக் காணப்படும் குறை. கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்து அந்தப் பள்ளங்களை அளவாக அராவச் சொல்லுங்கள், 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் கம்பித் தொகுதி போடப்பட்டிருந்தால் 0.010 அங்குலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். புதிய கிட்டார் வேண்டுமா என்ற கேள்வியை இதற்குப் பிறகு எழுப்புவதே முறை. பெரும்பாலும் அப்போது அந்தக் கேள்வியே எழாது.

இனி அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். ஜி-யிலிருந்து சி-க்கு மாறும்போதெல்லாம் உங்கள் வலக்கை நின்று, இடக்கை விரல்கள் ஒவ்வொன்றாக இடம் தேடிச் சேரும்வரை காத்திருந்து, பிறகு மீண்டும் தொடங்குகிறது என்றால், இந்த ஓராண்டில் கார்ட் மாற்றத்தோடு நிற்பதையும் சேர்த்தே நீங்கள் பயின்றிருக்கிறீர்கள். பாடல்கள் முழுமை பெறாததற்கு எஃப் காரணமல்ல, இந்த நிறுத்தம்தான் காரணம். கேட்பவர் மங்கிய கம்பியைப் பொறுத்துக்கொள்வார். காலப்பிரமாணம், அதாவது வேகத்தின் சீர், அறுந்தால் அவருக்கு அது பாட்டாகவே தோன்றாது.

கர்நாடக இசை கற்கும் குழந்தை தொடக்கப் பாடமான சரளி வரிசையைத் தொடையில் ஆதி தாளம் போட்டபடி மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) பாடிப் பழகுகிறது. ஸ்வரம் பிசகினாலும் கை நிற்கக் கூடாது என்பது அங்கே முதல் வாரத்திலேயே படிந்துவிடும் ஒழுக்கம். கிட்டார் வகுப்புகளிலோ இடக்கை விரல்களை எங்கே வைப்பது என்று காட்டும் படத்தைத்தான் முதலில் கையில் தருகிறார்கள். (ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை, மூன்றாம் வகுப்புக்குள் ஒரு திரைப்பாடல் வராவிட்டால் மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள்.)

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். 1928-இல், தம் 18-ஆம் வயதில், பாரிஸ் புறநகரில் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றி எரிந்ததில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஏறக்குறையச் செயலிழந்தன. எஞ்சிய இரு விரல்களால் அவர் தனிவாசிப்புகளை நிகழ்த்தியதையும், 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து புகழ்பெற்ற ஐவர் குழுவை அமைத்ததையும் மன உறுதிக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். அவ்வாறு சொல்பவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. தீ விபத்துக்கு முன்பே அவர் பாரிஸின் நடனக் கூடங்களில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பாஞ்சோ என்னும் கம்பி வாத்தியத்தில் பக்கவாத்தியம் வாசித்து வந்தவர். நடனமாடுபவர்களுக்காக வாசிப்பவரால் நடுவில் நிற்க முடியாது. இடக்கையில் அவர் புதிதாக விரலமைப்புகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தபோது, வலக்கையும் அதில் ஊறிய காலக்கணக்கும் சேதமின்றி இருந்தன.

எனவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சீரான இடைவெளியில் அடி ஒலிக்கும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 அடிகளில் வைத்து, கார்டுக்கு நான்கு அடி வீதம் வலக்கையால் கம்பிகளை ஸ்ட்ரம் செய்யுங்கள் (ஒருசேர வருடுங்கள்); என்ன நேர்ந்தாலும் வலக்கை நிற்கக் கூடாது. நான்காம் அடியின் பின்பாதியிலேயே இடக்கை விரல்களை எடுத்துவிடுங்கள். அந்த அரை அடிக்கு விரல் படாத திறந்த கம்பிகள் ஒலிப்பதில் தவறில்லை. தேர்ந்த கலைஞர்களின் பதிவுகளிலும் கூர்ந்து கேட்டால் கார்ட் மாறும் இடங்களில் அந்த ஒலி அகப்படும். ஒரு விரல் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அந்தக் கார்ட் அரைகுறையாகவே ஒலிக்கட்டும், அடுத்த சுற்றில் வந்து சேரும். முதல் சில நாட்களுக்கு இது உங்கள் இப்போதைய வாசிப்பைவிட மோசமாகவே கேட்கும்.

இரவில் வந்தது காலையில் காணாமல் போவதற்கு வயது காரணமில்லை. ஷே, மார்கன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், கை அசைவுகள் மூன்றை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள்; மூன்றையும் மாற்றி மாற்றிப் பயின்றவர்கள் அப்போது தடுமாறினாலும், பத்து நாட்கள் கழித்தும் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே மாற்றத்தை அரைமணி நேரம் திரும்பத் திரும்ப வாசித்தால் அன்றிரவு கிடைக்கும் சரளம் பெரும்பாலும் அன்றிரவுக்கானது. ஜி-சி, டி-இ மைனர், ஒரு பாடலின் நான்கு வரி என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள்.

சிறுவர்களோடு ஒப்பிட்டதும் பொருந்தவில்லை. தேர்வுக்குச் செல்லும் மாணவர் பெரும்பாலும் மூன்று உருப்படிகளைத்தான் மாதக்கணக்கில் மெருகேற்றுகிறார். நீங்கள் 15 பாடல்களைத் தொட்டுவைத்திருக்கிறீர்கள். 13 பாடல்களை ஒதுக்கிவிட்டு, எஃப் வராத இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கைபோல நீங்கள் சொன்ன அந்த ஒரே மாற்றம், அதாவது கார்ட் மாறும் இடம் காதில் படுவது, எளிதில் கிடைப்பதன்று. பல ஆண்டுகள் கிட்டார் வைத்திருந்தும் தாளில் எழுதிய கார்டுகளை மட்டுமே நம்பி வாசிப்பவர்கள் உண்டு. உங்கள் காது மாற்றத்தை முன்கூட்டியே உணர்கிறது என்றால், கைக்கு அரை அடி முன்னதாகக் கட்டளையிடவும் அதனால் முடியும். அந்த அரை அடிதான் உங்களுக்கு இப்போது தேவைப்படுகிறது. ஆகவே கிட்டாரை விட்டுவிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து, ஒரு பாடலை எங்கும் நில்லாமல் முதலிலிருந்து இறுதிவரை வாசித்துக் கைபேசியில் பதிந்து அனுப்புங்கள். வேகம் 50-ஆகவே இருந்தாலும் சரி.

அன்புடன்.