தண்டவாளம் இருந்த இடத்துல ஒரு நடை: வாசகர் கேள்வி பதில்

பையன் சிங்கப்பூர்ல வேலை பாக்கறான், அடுத்த மாசம் நானும் வீட்டுக்காரரும் போறோம். செந்தோசா, மால் எல்லாம் போன தடவையே பாத்தாச்சு. பழைய ரயில் பாதை ஒண்ணு இருக்கு, நடக்கலாம்ங்கறான், ஆனா 24 கிலோமீட்டராம். அவருக்கு முட்டி வலி வேற. எங்களால முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

தாராளமா முடியும்மா, கண்டிப்பா போயிட்டு வாங்க. தஞ்சோங் பகார்ல இருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் மொத்தம் 24 கிலோமீட்டர்ங்கறது நெசந்தான், ஆனா அத்தனையும் நடக்கணும்னு என்ன இருக்கு, ரெண்டு இரும்புப் பாலத்துக்கு நடுவுல இருக்கற துண்டு மட்டும் போதும், என்னைக் கேட்டா அந்தப் பாதையோட உசிரே அங்கதான். ஹில்வியூ எம்ஆர்டி (அந்த ஊர் மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்கி ரயில் மால்ங்கற கடைவரிசைப் பக்கம் நடந்தீங்கன்னா மெயின் ரோட்டுக்கு மேல முதல் பாலம் தெரியும். அங்க ஆரம்பிச்சு தெற்கால போங்க. ஒரு பக்கம் புக்கிட் தீமா காடு, 163 மீட்டர் உசர மலை, அந்த ஊர்ல அதுதான் பெரிய மலை. நிதானமா ஒரு மணி நேரத்துக்கு மேல நடந்தா ரெண்டாவது பாலம், அதத் தாண்டினதும் பழைய புக்கிட் தீமா ரயில்வே ஸ்டேஷன், பக்கத்துலயே கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி. அங்க ரயிலேறி வீட்டுக்கு வந்துடலாம்.

முட்டி வலிக்காரங்களுக்கு நான் இந்த மாதிரி பாதையத்தான் சொல்வேன், ஏன்னா ரயிலால செங்குத்தா ஏற முடியாது, அதனால மேடு வந்தா வெட்டியும் பள்ளம் வந்தா மண்ணக் கொட்டி ஒசத்தியும் பாதைய மட்டமாத்தான் போட்டிருப்பாங்க, அந்தக் காலத்துல என்ஜினுக்காகப் பட்ட பாடு இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் முட்டிக்கு ஆகுது. பாலத்துகிட்ட ஏற எறங்கத்தான் கொஞ்சம் பாத்துப் போகணும். வெயிலுக்கு முன்னாடி போயிடுங்க, அங்க பொழுது விடியவே ஏழு மணி ஆயிடும், அப்ப கெளம்பினா சரியா இருக்கும்.

அந்த ஸ்டேஷன்ல பாக்க என்ன இருக்கு? ரயிலே வராத ஸ்டேஷனுக்கு எதுக்குப் போகணும்?
– வாசகர், ஈரோடு

சின்ன செங்கல் கட்டடம் சார், பிளாட்பாரம், முன்னாடி கொஞ்ச தூரம் தண்டவாளத்த அப்படியே விட்டு வச்சிருக்காங்க. 1932-ல லைனை இந்தப் பக்கமா மாத்தினப்ப கட்டினது. இது ஒத்தை லைன், எதிரெதிரா வர்ற ரெண்டு வண்டி ஒண்ணுக்கொண்ணு ஒதுங்கிப் போறதுக்குத்தான் இங்க ஸ்டேஷனே. ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல இருக்கற பாதைதான் ஒரு செக்‌ஷன்; டிரைவர் கையில டோக்கன், அதாவது போகலாம்ங்கறதுக்கான அடையாளம், இல்லாம வண்டி அடுத்த செக்‌ஷனுக்குள்ள போகக் கூடாது, ஒரு செக்‌ஷனுக்கு ஒரு நேரத்துல ஒரு டோக்கன்தான் வெளிய வரும், அதனால மோதறதுக்கே வழியில்ல. பெரிய வளையத்துல பையக் கட்டி அதுக்குள்ள டோக்கன வச்சு ஸ்டேஷன்காரர் நீட்டுவாரு, வண்டி வர்ற வேகத்துலயே கைய வளையத்துக்குள்ள விட்டு வாங்கிக்குவாங்க, பழைய வளையத்த இந்தப் பக்கம் போடுவாங்க. நம்மூர் மீட்டர்கேஜ் லைன்லயும் இதையே பாத்து வளர்ந்தவங்க எத்தனையோ பேரு. கம்ப்யூட்டர் சிக்னல் வந்து எவ்வளவோ காலம் ஆகியும் இங்க 2011 வரைக்கும் கையால கொடுத்து கையால வாங்கினாங்கங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் இப்ப காபிக் கடை. 2022-ல திரும்பத் திறந்தாங்க.

அவ்வளவு நெருக்கமான ஊர்ல 24 கிலோமீட்டர் இடத்த பிளாட் கட்டாம எப்படி விட்டாங்க?
– கல்லூரி மாணவி, மதுரை

நல்ல கேள்விம்மா. அந்த இடம் ரொம்ப காலம் சிங்கப்பூர் கையிலயே இல்ல, ஓடினது மலேசியா ரயில், நிலத்துல பெரும்பகுதி 999 வருஷ குத்தகை. 1990-ல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டும் அதுக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லி இருபது வருஷம் இழுத்து, 2010-லதான் முடிவுக்கு வந்துச்சு, பதிலுக்கு சிங்கப்பூர்க்காரங்க தங்க ஊர்ல மெரினா சவுத்லயும் ஓஃபிர்-ரோச்சோர்லயும் ரெண்டு நாடும் சேர்ந்து கட்டறதுக்கு நிலம் கொடுத்தாங்க. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி வண்டிய ஜொகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனாரு. அதுக்கு முன்னாடியே, 2010-லயே, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இத மொத்தமா பசுமைப் பாதையா விடுங்கன்னு எழுதிக் கொடுத்துடுச்சு. தண்டவாளத்தப் பிரிக்கறதுக்கு முன்னாடி அந்த ஜூலை மாசம் ஜனங்கள நடக்க விட்டாங்க, கூட்டம் கூட்டமா போய் நடந்தாங்க. ஜனங்க நடந்து பாத்த எடத்தத் திரும்பப் பறிக்கறது லேசில்லங்கறது என் நம்பிக்கை. துண்டு துண்டா வெட்டாம ஒரே நீளமா விட்டதுதான் பெரிய விஷயம், பறவையும் பிராணியும் ஒரு காட்டுலேந்து இன்னொரு காட்டுக்குப் போக வழி வேணும்ல.

சைக்கிள்ல முழுசா ஓட்டலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஓட்டலாம் தம்பி, ரேஸ் சைக்கிள் மட்டும் வேணாம், நிறைய எடத்துல பொடி ஜல்லியும் மண்ணும்தான், மழை பெஞ்சா சேறு. தடிச்ச டயர் போதும். ஆப்-ல எடுக்கற வாடகை சைக்கிள்னா அதுக்குன்னு கோடு போட்ட இடத்துல நிறுத்தி ஸ்கேன் பண்ணாத்தான் கணக்கு முடியும், பாதைக்கு நடுவுல விட்டுட்டு வந்துடாதீங்க. பாலத்துல இறங்கித் தள்ளிட்டுப் போங்க, வயசானவங்களும் குழந்தைங்களும் நின்னு போட்டோ எடுப்பாங்க. நடக்கறவங்களுக்குப் பின்னால வர்றப்ப தூரத்துலயே மணி அடிங்க, கிட்ட வந்து அடிச்சா பயந்து குறுக்கதான் வருவாங்க.

என்ர அப்பப்பா மலாயா ரயில்வேயில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவர். அந்தப் பாதையில எங்கட ஆக்களின்ர அடையாளம் ஏதும் மிஞ்சிக் கிடக்கோ?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஐயா, உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலையில யாழ்ப்பாணத்துக்காரங்க நிறைய பேர் இருந்தாங்க, தமிழ்நாட்டுலேந்து போனவங்க வெயில்ல நின்னு தண்டவாள வேலை செஞ்சாங்க. அவங்க பேரெல்லாம் எந்தப் பலகையிலயும் இல்லாதது எனக்கு வருத்தம்தான். ஆனா காமன்வெல்த் டிரைவ்ல இருக்கற ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்குப் போங்க. 1932-ல குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளிங்க வச்சுக் கும்பிட்ட சின்ன சன்னிதிதான் பின்னால இடம் மாறி இவ்வளவு பெரிய கோயிலா நிக்குது. பாதையோட அந்தப் பகுதி நடக்கற தூரத்துலதான் இருக்கு. அப்பப்பாவோட சர்வீஸ் பேப்பர், போட்டோ ஏதாவது வீட்டுல இருந்தா பத்திரமா ஸ்கேன் பண்ணி வைங்க, பேரப்பிள்ளைங்க யாராவது ஒருநாள் கேப்பாங்க.

குரங்கு தொல்லை உண்டா?
– வாசகி, திருநெல்வேலி

உண்டும்மா, காட்டை ஒட்டின பகுதியில. பிளாஸ்டிக் கவர் கையில தெரியக் கூடாது, தின்பண்டத்த முதுகுப் பைக்குள்ள வச்சுப் பூட்டிடுங்க. பாவமேன்னு பழம் போட்டா அங்க சட்டப்படி குத்தம், அபராதம் உண்டு. தண்ணி பாட்டில், கொசு மருந்து, குடை மூணும் எடுத்துக்கோங்க, செருப்பு வேணாம், ஷூ போடுங்க. இருட்டறதுக்குள்ள வெளிய வந்துடுங்க, காட்டுப் பக்கம் விளக்கு கிடையாது.