பில் மன்றோவின் குழு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புளூகிராஸ் இசைக்கலைஞர் பில் மன்றோவைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு அவருடைய பழைய இசைப்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். புளூகிராஸ் என்பது அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைமக்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்துவந்த நாட்டார் இசை என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அந்த வேகமும் கட்டுக்கோப்பும் வீட்டுத் திண்ணையில் பொழுதுபோக்காக வாசிப்பவர்களுடையதாகத் தோன்றவில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. புளூகிராஸ் தோன்றிய காலத்தை ஏறத்தாழ ஆண்டு குறித்தே சொல்லிவிடலாம். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் பான்ஜோவுடன் (தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட தந்தி வாத்தியம்) நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியில் மன்றோவின் ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவில் சேர்ந்ததிலிருந்து, 1948இல் அவரும் குழுவில் கிட்டார் வாசித்துப் பாடிய லெஸ்டர் பிளாட்டும் விலகியது வரையிலான இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களுமே அந்தக் காலம். அப்போது குழுவில் இருந்த ஐவரில் மலைநாட்டவர் என்று சொல்லத்தக்கவர் டென்னசியில் பிறந்த பிளாட் ஒருவர்தான்.

மன்றோ 1911இல் மேற்குக் கென்டக்கியின் ரோசீன் என்ற சிற்றூருக்கு அருகே, எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். (கென்டக்கியின் புகழ்பெற்ற புல்வெளிப் பகுதி லெக்சிங்டனைச் சுற்றி இருக்கிறது, ரோசீன் அதில் சேராது. குழுவின் பெயர் ‘புளூகிராஸ் மாநிலம்’ என்ற கென்டக்கியின் செல்லப் பெயரிலிருந்து வந்தது.) வீட்டில் ஃபிடிலும் (வயலின்தான்) கிட்டாரும் அண்ணன்மார் கைக்குப் போய்விட்டதால் அவருக்கு மேண்டலின்தான் மிஞ்சியது, அதிலும் ஓசை மிகாமலிருக்க எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றச் சொன்னார்களாம். பின்னாளில் அவர் மேண்டலினை அத்தனை ஆவேசமாக வாசித்ததைக் கேட்கும்போதெல்லாம் அந்த நான்கு தந்திகள் என் நினைவுக்கு வரும். பத்து வயதில் தாயையும் பதினாறு வயதில் தந்தையையும் இழந்த அவர், தாய்மாமன் பென் வேண்டிவரோடு தங்கி, மாமன் நடன விருந்துகளில் ஃபிடில் வாசிக்கையில் துணைக்கு வாசித்துப் பழகினார்.

ஆனால் அவருக்கு அமைந்த ஆசிரியர் மாமன் மட்டுமல்லர். அதே வட்டாரத்தில் அர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினத்தவர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, கிட்டாரிலும் ஃபிடிலிலும் வல்லவர். சிறுவன் மன்றோ நடன நிகழ்ச்சிகளில் அவருக்குத் துணையாகக் கிட்டார் வாசித்திருக்கிறார். மன்றோவின் பாட்டிலும் மேண்டலினிலும் இழையும், கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபான புளூஸின் சாயலுக்கு ஷுல்ட்ஸ் ஒரு முக்கிய ஊற்று என்பதை மன்றோவே மறைக்காமல் சொல்லிவந்தார். இதோடு, சுரங்களை முக்கோணம், சதுரம் போன்ற வடிவங்களால் குறித்துக் கற்பித்த தேவாலயப் பாட்டு வகுப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுவின் பல குரல் பாட்டுக்கு அடித்தளம் அங்கே கிடைத்தது.

ஸ்க்ரக்ஸ் வட கரோலினாவின் ஃபிளின்ட் ஹில்லைச் சேர்ந்தவர். அது மலையடிவாரச் சமவெளி. பருத்தி வயல்களும் நூற்பாலைகளும் நிறைந்த பகுதி. மூன்று விரல்களால் பான்ஜோ மீட்டுவது அங்கே முன்பே வழக்கில் இருந்ததால், அதை ஸ்க்ரக்ஸ் கண்டுபிடித்தார் என்பது மிகை. அந்த வழக்கத்தை இடையறாது ஓடும் நீரோட்டம்போல் ஆக்கியதே அவர் சாதனை. சிறுவயதில் அவரும் அண்ணன் ஹோரஸும் ஒரே பாட்டைத் தொடங்கி, வாசித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி எதிரெதிர்த் திசைகளில் நடந்து, பின்புறம் சந்திக்கும்போது தாளம் பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நீங்கள் வியந்த கட்டுக்கோப்புக்கு இதைவிடக் கடுமையான பயிற்சிக்கூடம் வேண்டுமா? போர்க்காலத்தில் அவர் ஷெல்பியில் ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்தார். பிளாட்டும் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர்தான். மன்றோவின் குழுவுக்கு வருமுன் மன்றோவின் அண்ணன் சார்லியின் குழுவில் பாடியவர்.

மற்ற இருவரும் ஃபுளோரிடாவின் தாழ்நிலத்தவர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபிடில் கலைஞர் சப்பி வைஸ் ஜாக்சன்வில்லில் டாக்சி ஓட்டியவர். அவருடைய வில், மலையூர் ஃபிடில்காரர்களைப்போல் வெட்டி வெட்டி ஓடாமல் நீண்டு வழுக்கிச் செல்லும். பாஸ் என்ற தாழ்சுருதித் தந்தி வாத்தியம் வாசித்த ஹோவர்ட் வாட்ஸ், செட்ரிக் ரெயின்வாட்டர் என்ற பெயரில் மேடையில் கோமாளி வேடமும் கட்டியவர்.

இவர்கள் 1946 செப்டம்பரிலும் 1947 அக்டோபரிலும் கொலம்பியா நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை பான்ஜோவை விட்டுவிட்டு வாட்ஸின் பாஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். இரண்டாவது தடவை வைஸின் ஃபிடில் மன்றோவின் குரலுக்குப் பின்னால் எங்கே நுழைகிறது என்று கேளுங்கள். பான்ஜோவைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.