தம்பியைத் தூக்கத் துடிக்கும் அக்கா

கேள்வி: இதயத்தின் கீழறைச் சுவரில் இருந்த ஓட்டையை நெஞ்சைத் திறந்து அடைத்த பிறகு, ஐந்து மாத மகனை வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள்கள் ஆகின்றன. நான்கு வயது மகள் அவனைத் தூக்க அடம்பிடிக்கிறாள். விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பிவிட்டது. என்ன செய்வது?
– ஒரு தாய், மதுரை

பதில்: பிளந்து சேர்த்த நெஞ்செலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய 6 வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை யாரும் குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு கையைத் தலைக்கும் கழுத்துக்கும் அடியிலும் மறு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் வைத்து அள்ளி எடுங்கள். மகளை வெறுமனே விலக்காதீர்கள். கை கழுவிவிட்டு அருகில் அமர்ந்து, தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு பாடச் சொல்லுங்கள். அவளுடைய பொம்மையின் நெஞ்சில் நீங்களே ஒரு கட்டுப் போட்டுக் கொடுத்தால், எப்படித் தூக்குவது என்பதை அவளே பழகிக்கொள்வாள். நீங்கள் மருத்துவமனையில் இருந்த நாள்களின் ஏக்கமே படுக்கையை நனைப்பதற்குக் காரணமாக இருக்கலாம், திட்டாதீர்கள். தன் கோபத்தால்தான் தம்பிக்கு நோய் வந்தது என்று இந்த வயதுப் பிள்ளைகள் மனத்துக்குள் நம்புவதுண்டு. அப்படி இல்லை என்பதை அவள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு, பால் குடிக்கும்போது வியர்வை, வேகமான மூச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.