அந்தப் பையனை ஏன் யாரும் விசாரிக்கவில்லை?

கேள்வி: எனக்கு 36 வயது. மென்பொருள் துறையில் இருக்கிறேன். அறிவியல் புனைவுப் படங்கள் என்றால் எனக்கு உயிர். 'இன்டர்ஸ்டெல்லார்' மறுபடி ஐமேக்ஸ் திரைக்கு வந்தபோது மனைவியை அழைத்துப்போனேன். போவதற்கு முன்பே கருந்துளை (ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்பு), கால விரிவு (ஈர்ப்பு அதிகமான இடத்தில் நேரம் மெதுவாக ஓடுவது) எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்து விளக்கினேன். என் அம்மா படுக்கையில் இருப்பதால் நாங்கள் சேர்ந்து வெளியே போயே வெகுநாளாகிவிட்டது. ஆனால் அவள் படத்தில் ஒன்றவே இல்லை. நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போய், அம்மாவின் மாத்திரை பற்றி வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்தாள். படம் முடிந்து நான் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடைசியில அந்தப் பையனைப் பத்தி அப்பா ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே?" இதை எங்கள் சினிமா குரூப்பில் போட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. மூன்று வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரசனையே இல்லாத ஒருத்தியோடு எப்படிக் காலம் தள்ளுவது? இப்படிப்பட்ட படங்களைப் பார்க்க அவளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?
— பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. படத்தின் பெயர் மட்டும்தான் மாறும். 'அவளோடு உட்கார்ந்து ஒரு நல்ல படம் பார்க்க முடியவில்லை' என்று யாராவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், இரண்டு பேருக்கும் பிடித்த மாதிரி ஏதாவது தேடிப் பாருங்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத வேறு ஆள் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் கருந்துளைக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். இடமில்லாததால் அதை வெட்டிவிட்டேன். வெட்டாமல் வைத்திருப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை. 'நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போய், அம்மாவின் மாத்திரை பற்றி வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்தாள்.'

படுக்கையில் இருப்பது உங்களைப் பெற்றவள். படம் ஓடுவது 169 நிமிடம். அதில் பெற்ற பிள்ளை நாற்காலியை விட்டு ஒரு நிமிடம்கூட எழவில்லை. மருமகள் இரண்டு தடவை எழுந்திருக்கிறாள். இருட்டில் அடுத்தவர் காலை மிதிக்காமல் தாண்டி, வெளியே வந்து, மாத்திரை கொடுத்தாயிற்றா, சாப்பிட்டாளா என்று விசாரித்துவிட்டு, மறுபடி அதே இருட்டில் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதைத்தான் அவள் மேல் புகாராக எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்த நேரத்தில் என்ன மாத்திரை கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? அன்றைக்கு வீட்டில் அம்மாவோடு இருந்தது யார்? அந்த ஆளை ஏற்பாடு செய்தது யார்? கடிதத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருடம் என்பது மட்டும் துல்லியமாக இருக்கிறது.

சரி, படத்துக்கு வருவோம். நானும் அந்தப் படத்தைப் பார்த்தவள்தான், பிடித்துப் பார்த்தவள். அதனால்தான் உங்கள் மனைவியின் கேள்வியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

படத்தின் நாயகன் கூப்பருக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் டாம், இளையவள் மர்ஃப். படிக்கத் தகுதியில்லை, விவசாயம்தான் சரி என்று பள்ளிக்கூடத்தில் டாமை ஒதுக்கும்போது, என் மகன் எதிர்காலத்தை இப்போதே எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று தகப்பன் சண்டைக்குப் போகிறான். ஆரம்பத்தில் அந்தப் பையன் மேல் படத்துக்கு அக்கறை இருந்தது. பிறகு தகப்பன், தூசியில் அழிந்துகொண்டிருக்கும் உலகத்தைக் காப்பாற்ற விண்வெளிக்குக் கிளம்பிவிடுகிறான். கோபத்தில் மர்ஃப் பல வருடம் அப்பாவுக்கு ஒரு செய்திகூட அனுப்புவதில்லை. அனுப்புகிறவன் டாம். படிப்பு முடிந்தது, ஒரு பெண்ணைப் பார்த்தேன், கல்யாணம், குழந்தை, பிறகு அந்தக் குழந்தை போனது, தாத்தா போனது எல்லாவற்றையும் பதிலே வராத ஒரு திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் இனி உங்களை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி நிறுத்துகிறான். அந்தக் கிரகத்தில் கழிந்த சில மணி நேரத்துக்குள் பூமியில் ஓடிப்போன 23 வருடச் செய்திகளை, விண்கலத்துக்குத் திரும்பி ஒரே மூச்சில் பார்த்துக் கூப்பர் அழுகிற காட்சி அது. உங்கள் குரூப்பில் அந்தக் காட்சிக்கு எத்தனை பேர் கண்ணீர் பொம்மை போட்டிருப்பார்கள்! அழவைத்த செய்திகளில் பெரும்பாலானவை யாருடையவை என்று அவர்களில் ஒருவராவது யோசித்தாரா?

பிறகு கூப்பர் திரும்பி வருகிறான். மகளைத் தேடுகிறான், பார்க்கிறான், அவள் அனுப்பி வைத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறான். டாம் இருக்கிறானா, செத்தானா, எங்கே புதைத்தார்கள் என்று ஒரு கேள்வி இல்லை. நிலத்தைப் பார்த்தவன், தாத்தாவைக் கடைசிவரை வைத்துக்கொண்டவன், தூசி தின்ற வீட்டில் இருந்தவன் கதையிலிருந்தே காணாமல் போகிறான். இது அந்தப் படத்தில் இருக்கிற உண்மையான ஓட்டை. விமர்சனம் எழுதுகிறவர்களில் சிலரும் இதைச் சுட்டியிருக்கிறார்கள். உங்கள் மனைவி இரண்டு தடவை வெளியே போய் வந்தும் இதைப் பிடித்திருக்கிறாள். நீங்கள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தும் பிடிக்கவில்லை.

அவளுக்கு ஏன் அது கண்ணில் பட்டது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? உங்கள் வீட்டில் டாம் யார்?

கருந்துளைப் படத்தில் போய்க் குடும்பக் கதை தேடுகிறாள் என்பதுதானே குரூப்பின் சிரிப்பு. ஜோனதன் நோலன் முதலில் எழுதிய திரைக்கதையில் மர்ஃப் ஒரு பையன். பிறகு கையில் எடுத்த அவர் அண்ணன், படத்தின் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன்தான் மகளாக மாற்றினார். இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரிடம் இசை கேட்டபோது விண்வெளி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு தகப்பனையும் பிள்ளையையும் பற்றி ஒரு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தார். ஜிம்மர் அதை வைத்து ஒரே நாளில் வாசித்துக் கொடுத்ததுதான் அந்தப் படத்தின் இசைக்கு மூலம். எடுத்தவர்களே குடும்பத்தில் தொடங்கியிருக்கிறார்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டவளைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள்.

நீங்கள் உயிராக மதிக்கிற கருந்துளையைப் பற்றியும் ஒன்று. இயற்பியலாளர் கிப் தோர்ன் சமன்பாடு கொடுத்தார், கிராஃபிக்ஸ்காரர்கள் அதை வைத்து உருவாக்கினார்கள், சில ஃபிரேம்களைக் கணினியில் ரெண்டர் செய்து படமாக்கவே நூறு மணி நேரம் வரை ஆனது. எல்லாம் உண்மை. ஆனால் கணக்குப்படி பார்த்தால் கருந்துளையைச் சுற்றிச் சுழலும் அந்த ஒளித்தட்டில் நம்மை நோக்கிச் சுழன்று வருகிற பக்கம் பளீரென்றும், விலகிப் போகிற பக்கம் மங்கியும் இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று நோலன் அதை வேண்டாம் என்றுவிட்டார். 2015-ல் தோர்னும் அந்தக் குழுவும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இது இருக்கிறது. 2019-ல் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கிற கருந்துளையின் படம் வந்தபோது ஒரு பக்கம் பிரகாசமாக இருந்ததே, அதற்கும் காரணம் இதுதான். ஆக, நீங்கள் பிரமித்துப் பார்த்தது உங்களுக்காகக் கொஞ்சம் எளிதாக்கித் தந்ததை. பெரிய இயக்குநர் பார்வையாளன் மேல் வைத்த கரிசனம் அது. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் மேல் உங்களுக்கு அது இல்லை.

இந்த வகைப் படங்கள் பார்வையாளர்களைப் பிரித்துப்போடுவது வழக்கம்தான். 1968-ல் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வந்தபோது பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. முதல் காட்சிகளுக்குப் பிறகு இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கே சுமார் 19 நிமிடம் வெட்டினார். 1982-ல் 'பிளேடு ரன்னர்' சோதனைக் காட்சிகளில் ஆட்கள் குழம்பியதால் நாயகன் குரலில் விளக்கம் சேர்த்தார்கள். 1992-ல் அதையே எடுத்துவிட்டு வேறு வடிவம் வந்தது. 'இன்டர்ஸ்டெல்லார்' வெளியான 2014-லும் இசை மூடி வசனம் கேட்கவில்லை என்று பலர் புகார் சொன்னார்கள், தெரிந்தேதான் அப்படி வைத்தேன் என்றார் நோலன். (அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி.) ஆனால் உங்கள் மனைவி புரியவில்லை என்றோ, நீளம் என்றோ, காது வலிக்கிறது என்றோ சொல்லவில்லை. கதையைக் கடைசிவரை தொடர்ந்து வந்து, யார் விடுபட்டார்கள் என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். 'ஒன்றவே இல்லை' என்று நீங்கள் எழுதுவது பொய்.

டாம் ஒரு தியாகி என்று நான் சொல்ல வரவில்லை. பிற்பாதியில் அவன் கல்லாகிவிடுகிறான். இன்னொரு பிள்ளை இருமிக்கொண்டிருக்க, வீட்டைவிட்டு யாரும் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறான். அவனை அசைக்கத் தங்கையே பயிருக்குத் தீ வைக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்டு, யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் வருடங்கள் போனால் மனிதர்கள் அப்படித்தான் இறுகுகிறார்கள். மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறீர்கள். அது அந்த இறுக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம். ரசனை இடைவெளி என்று பெயர் வைத்துத் தப்பிக்காதீர்கள்.

என் எண்ணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டால் போகட்டும். பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை. மருமகள் செய்வதெல்லாம் அவள் நல்ல மனசுக்குச் செய்வது. கட்டிக்கொண்டு வந்ததால் அது அவள் தலையில் தானாக விழுந்த வேலை என்று நினைக்கிற ஆண்பிள்ளைகள் மேல் எனக்கு மரியாதை இல்லை, அவர்கள் எத்தனை நல்ல படம் பார்த்திருந்தாலும். வேலைக்குப் போகிறேனே, சம்பாதித்துப் போடுகிறேனே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். கூப்பரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்காவது உலகம் அழிகிறது என்ற காரணம் இருந்தது.

அந்தக் குரூப் விஷயத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வெகுநாள் கழித்துப் புருஷனோடு வெளியே வந்தவள், மனசில் பட்டதை உங்களிடம் கேட்டாள். உங்களை நம்பிக் கேட்டதை முகம் தெரியாதவர்கள் சிரிக்கத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். அவள் வாயை மூடிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? இனிமேல் எந்தப் படத்தைப் பற்றியும், எதைப் பற்றியும், உங்களிடம் ஏன் சொல்ல வேண்டும்? அந்தப் பதிவை நீக்குவது மட்டும் போதாது. நீக்கினால் உங்களுக்குத்தான் நிம்மதி. அதே குரூப்பில், அதே ஆட்கள் முன்னால், என் மனைவி கேட்டது சரியான கேள்வி, எனக்குத்தான் பதில் தெரியவில்லை என்று எழுதுங்கள். நாலு பேர் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கற்றுக்கொடுப்பது எப்படி என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் உண்டு. மாத்திரை எது, எப்போது, டாக்டர் என்ன சொன்னார் என்பதை முதலில் அவளிடம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது உட்பட. ஒரு வாரம் அவள் பக்கத்தில் இருந்து பழகுங்கள். பிறகு ஒரு நாள் டிக்கெட் ஒன்று மட்டும் எடுங்கள், அவளுக்கு. எந்தப் படம் என்பதை அவளே முடிவு செய்யட்டும், கருந்துளை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அவள் போய்த் திரும்பும்வரை அம்மாவோடு நீங்கள் இருங்கள். அது எங்கே இருக்கிறது, இது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நடுவில் ஒரு தடவைகூட அவளுக்குப் போன் செய்யாதீர்கள். வந்ததும் படம் எப்படி என்று பரீட்சை வைக்காதீர்கள். அவளாக ஏதாவது சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். அதை எந்தக் குரூப்பிலும் போடாதீர்கள்.