ஊக்கத்தொகை கொடுத்தும் வேலை கெட்டது ஏன்?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் போடும் ஒவ்வொரு கல்லுக்கும் 5 ரூபாய் தருவதாகச் சித்திரையில் சொன்னேன். எண்ணிக்கை கூடியது, ஆனால் பூ டிசைனில் வண்ணம் கலந்து கழிவுக் கல் பெருகிவிட்டது. ஆவணியில் நிறுத்தினேன். இப்போது பழைய எண்ணிக்கைகூட வரவில்லை; ஆட்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு பயிற்சி வகுப்பில், மனிதத் தேவைகளை அடுக்கடுக்காக வரைந்த உளவியலாளர் மாஸ்லோவின் முக்கோணத்தைக் காட்டி, ‘முதலில் பணம், மற்றதெல்லாம் அப்புறம்’ என்றார்கள். எங்கே தவறினேன்?

பதில்: பணம் கொடுத்ததில் தவறில்லை. எதை எண்ணிக் கொடுத்தீர்கள் என்பதில்தான் சிக்கல்.

முதலில் அந்த முக்கோணம். மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில் முக்கோணமே கிடையாது. அது பின்னால் மற்றவர்கள் வரைந்தது. ஒரு தேவை முழுக்க நிறைவேறிய பிறகுதான் அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை. கூலி போதாத மனிதனுக்கும் தன் கைவேலை மீது பெருமை உண்டு. அதை ஒதுக்கிவிட்டுத் திட்டம் போட்டால் அடி வாங்குவது தரம்தான்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் ‘வரைந்தால் பரிசு’ என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதி நேரம்தான் தாங்களாக வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பெரியவர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். டெசி, கோஸ்ட்னர், ரயான் 1999-இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களிடமும் இதே விளைவு இருந்தது, ஆனால் குழந்தைகளைவிடக் குறைவாக. சலிப்பான வேலைகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2014-இல் செராசோலியும் சகாக்களும் வெளியிட்ட தொகுப்பு: வெளியிலிருந்து வரும் பணம் எண்ணிக்கையோடு கூடுதலாகத் தொடர்புடையது, உள்ளிருந்து வரும் ஆர்வம் தரத்தோடு.

உங்கள் பட்டறையில் நடந்தது அதுதான். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, பதம் பார்த்து அச்சைத் தூக்க வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் பச்சையும் சிவப்பும் கலக்கும். உலர் கலவையை ஏனோதானோ என்று தூவினால் ஈரம் சரியாக உறிஞ்சப்படாது. நிதானம் தேவைப்படும் இடத்தில் நீங்கள் வேகத்துக்கு விலை வைத்தீர்கள். மணல் சலிப்பது, கண்ணாடி துடைப்பது, அடுக்குவது, வண்டியில் ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு எண்ணிக்கைப் பணம் தாராளமாகக் கொடுக்கலாம். அங்கே கெடுவதற்குக் கலை ஆர்வம் இல்லை.

இனி அந்தக் கோபம். அந்த 5 ரூபாய் வண்ணம் ஊற்றியவருக்கு மட்டும் போனதா, பின்னால் சாந்து நிரப்பி மட்டம் செய்தவருக்கும் தொட்டியில் ஊறப்போட்டவருக்கும் போனதா? தான் போடும் உழைப்பையும் பெறும் கூலியையும் பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிட்டே மனிதன் நியாயத்தை அளக்கிறான் என்று உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ் 1960-களில் காட்டினார். சிலருக்கு மட்டும் போயிருந்தால் புகைச்சல் சித்திரையிலேயே தொடங்கியிருக்கும். ஆவணியில் நிறுத்தியதை எல்லோரும் இழப்பாகவே எடுத்திருப்பார்கள். ஒரு நிகழ்வுக்கு நாம் என்ன அர்த்தம் கொடுக்கிறோமோ அதிலிருந்துதான் உணர்ச்சி பிறக்கிறது என்பது உளவியலாளர் லாசரஸின் கருத்து. ‘திட்டம் சரியில்லை’ என்று நீங்கள் நினைத்து நிறுத்தியது, ‘நம்ம மேல பழி போட்டுட்டாரு’ என்று அவர்களுக்குப் பட்டிருக்கும். ஆகவே புதிய திட்டம் எதையும் அறிவிக்கும் முன் ஆறு பேரையும் உட்கார வைத்து, எண்ணிக்கையை மட்டும் பார்த்தது உங்கள் முடிவு, அவர்கள் குற்றமல்ல என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைச் செய்யாதீர்கள்.

பிறகு கூலி. ஊக்கத்தொகை கொடுத்த மாதங்களின் மொத்தத்தை எல்லோரும் வேலை செய்த மொத்த நாட்களால் வகுத்து, அந்தத் தொகையை ஆறு பேரின் நாள் கூலியிலும் சேர்த்துவிடுங்கள். மாதம் 7,800 ரூபாய் போயிருந்து, ஆறு பேரும் 26 நாள் வந்திருந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய்.

தரத்துக்கு ஒரு நோட்டு போதும். வண்ணம் கலந்தது, ஓரம் உடைந்தது, மட்டம் பிசகியது என்று மூன்று பத்தி. கல்லைப் போட்டவர் அதன் பின்புறம் தன் குறியை இடட்டும். கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போது அவரே பார்த்து எழுதட்டும். இந்தக் கணக்கை வைத்துக் கூலியில் பிடித்தம் மட்டும் செய்யவே கூடாது. பிடித்தால் கெட்ட கல் அடுக்கின் அடியில் ஒளிந்துகொள்ளும், வீடு கட்டுபவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவரும்.

பாராட்டும்போது ‘சூப்பர்’ என்பதைவிட, ‘இந்த மூலையில் கோடு பிசகவே இல்லை’ என்று இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். ஆர்டர் இல்லாத நாளில் எந்த டிசைன் போடுவது என்பதை அவர்களிடம் விடுங்கள். பிறகு அதை நீங்கள் மாற்றினால் அது தேர்வே அல்ல.

ஒன்றைச் செய்து நான்கு வாரம் கழிவுக் கணக்கைப் பார்த்தபின் அடுத்ததைத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காய்வது தாமதமாகும். அந்த நாட்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் வானத்தின் குறை ஆட்கள் தலையில் விழும். கழிவு குறைந்தும் எண்ணிக்கை ஏறாவிட்டால், பக்கத்துப் பட்டறைகளில் நாள் கூலி என்ன என்று விசாரியுங்கள். உங்களுடையது குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.