துண்டறிக்கை தயார், ஒப்புதல் யாரிடம் வாங்குவது?

கேள்வி: குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி எங்கள் தொண்டு நிறுவனம் தாய்மார்களுக்காக ஒரு துண்டறிக்கை தயாரித்திருக்கிறது. அச்சுக்குப் போகும் நேரத்தில், ஒப்புதல் இல்லாமல் விநியோகிக்கக் கூடாது என்கிறார்கள் நிதி தருபவர்கள். யாரிடம் வாங்குவது? எதையெல்லாம் கொடுக்க வேண்டும்? வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களுக்கும் வேண்டுமா?

பதில்: முதலில் அச்சகத்துக்குப் போன் செய்து வேலையை நிறுத்தி வையுங்கள். ஒப்புதலுக்குப் போன பிரதி ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

யாரிடம் என்பதற்கு உங்கள் நிதி ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நிதி தருபவரின் ஆய்வுக் குழு, அல்லது அரசு சுகாதாரத் துறையின் நலக்கல்விப் பிரிவு. சில இடங்களில் இரண்டும் வேண்டியிருக்கும். யாருடையது முதலில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே, இதே விஷயத்தில் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற துண்டறிக்கை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் பாதி வேலை மிச்சம்.

துண்டறிக்கையோடு ஒரு விளக்கத் தாளும் வையுங்கள்: யார் படிப்பதற்கு, எங்கே, எந்த மொழியில், எத்தனை பிரதி. ஒவ்வொரு மருத்துவத் தகவலுக்கும் ஆதாரத்தை, வெளியான ஆண்டோடு குறிப்பிடுங்கள். ஆண்டு முக்கியம். 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உப்பின் அளவு குறைக்கப்பட்ட புதிய ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரை கலந்த நீரிழப்புத் தடுப்பு) கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாகமும் (ஜிங்க்) கொடுக்கச் சொன்னது. அதற்கு முந்தைய கையேட்டைப் பார்த்து எழுதினால் துத்தநாகம் விட்டுப்போகும். குழு அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். புகைப்படம் இருந்தால் அதில் இருப்பவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும், குழந்தை என்றால் பெற்றோருடையது.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது முன்சோதனையை, அதாவது அச்சிடும் முன் தாய்மார்களிடமே காட்டிப் பார்ப்பதை. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், ஓஆர்எஸ் கலக்கும் முறையை 'ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர்' என்று சரியாகத்தான் எழுதியிருந்தோம். ஓவியர் பக்கத்தில் ஒரு டம்ளரை வரைந்திருந்தார். மருத்துவர்கள் உட்பட யாரும் கவனிக்கவில்லை. முன்சோதனையில் ஒரு தாய் படத்தை மட்டும் பார்த்தார், பொட்டலம் முழுவதையும் டம்ளரில் கொட்டிக் கலக்கிக் காட்டினார். அவ்வளவு கெட்டியான கரைசலைக் குடித்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும், ஆபத்து. இன்னொன்று: 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் உண்டு. உங்கள் பகுதியில் கிடைப்பது எது என்று பார்த்து அளவை எழுதுங்கள்.

ஆகவே பத்துப் பன்னிரண்டு தாய்மார்களிடமாவது காட்டிவிட்டு அனுப்புங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவாவது ஆமாம் என்பார்கள். "இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதையும் நீங்கள் மாற்றியதையும் ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள்.

சின்னங்களில் பலர் தடுமாறுகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை மருத்துவத்துக்கான பொதுச் சின்னம் இல்லை. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் பாதுகாக்கும் சின்னம் அது. எடுத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தையும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் போடக் கூடாது. குழந்தை உணவு நிறுவனம் எதுவும் அச்சுச் செலவை ஏற்க முன்வந்தால் மிகவும் கவனம். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை பற்றிய 1981-ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறைப்படி, அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அந்த உதவியைப் பெறக் கூடாது. ஒப்புதல் இருந்தாலும் அவர்களின் எந்தத் தயாரிப்பின் பெயரும் துண்டறிக்கையில் வரக் கூடாது.

வாட்ஸ்அப் படத்துக்கும் ஒப்புதல் வேண்டும். அச்சடித்ததையாவது திரும்ப வாங்கலாம், அதை முடியாது. வீடியோ என்றால் வசனத்தை எழுத்திலேயே காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு படமெடுங்கள்.

ஒப்புதல் என்பது அவர்கள் பார்த்த அந்தப் பிரதிக்கு மட்டும்தான். அப்புறம் ஒரு சொல்லையோ படத்தையோ மாற்றினாலும், வேறு மொழியில் போட்டாலும் திரும்பக் காட்ட வேண்டும். பதிப்பு எண்ணையும் ஒப்புதல் தேதியையும் துண்டறிக்கையின் கீழ் ஓரத்தில் அச்சிடுங்கள். சிகிச்சை முறை மாறும்போது எந்தத் துண்டறிக்கைக் கட்டை விநியோகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று உங்கள் களப் பணியாளருக்கு அதைப் பார்த்தே தெரிந்துவிடும்.